600 நாற்காலி, எத்தனை நாள்?

கேள்வி: ஐயா, கும்பகோணத்தை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு 62 சென்ட் இடத்தில் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. தாத்தா தொடங்கி அப்பா நடத்தியது. பத்து வருடமாக ஓடவில்லை. அதைக் கலை அரங்கமாக்கி அப்பாவின் பெயரை வைக்க ஆசை. 600 இருக்கை கொண்ட ஏசி அரங்கம், ஓவியக் கூடம், பயிற்சி அறைகள், கேன்டீன் எல்லாம் சேர்த்து 7 கோடி ஆகும் என்று ஆர்க்கிடெக்ட் வரைபடம் கொடுத்திருக்கிறார். கையில் 3 கோடி இருக்கிறது. மீதிக்கு வங்கிக் கடன் வாங்கலாம் என்று யோசனை. ஆர்க்கிடெக்ட்டுக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்று சாத்தியக்கூறு அறிக்கை தயாரிக்க 9 லட்சம் கேட்கிறது. "நம்ம ஊரே கலைக்குப் பேர் போன ஊரு, இதுக்கு எதுக்கு ஆய்வு?" என்கிறார் என் மைத்துனர். 9 லட்சம் தண்டமா? நானே செய்துவிட முடியுமா? பின்குறிப்பு: பழைய புகைபோக்கியை இடித்தால்தான் கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்கிறார்கள். இடிக்கலாமா?
— வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர், கும்பகோணம்

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மைத்துனர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். கும்பகோணம் கலைக்குப் பேர் போன ஊர்தான். உங்களுக்கு முதல் சிக்கலே அதுதான்.

உங்கள் ஊரில் கோயில் உற்சவம் என்றால் தூணில் சாய்ந்துகொண்டு நல்ல நாகஸ்வரம் கேட்கலாம், காலணா செலவில்லை. தியாகராஜ ஆராதனை சமயத்தில் திருவையாற்றுக்குப் பஸ் ஏறினால் பெரிய வித்வான்கள் எல்லாரையும் மணலில் உட்கார்ந்தே கேட்டுவிட்டு வரலாம். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்துக்கு அரங்கமே கிடையாது. பெருமாள் சன்னதிக்கு எதிரே தெருவில் இரவு முழுக்க நடக்கிறது. தஞ்சாவூரில் 1986 முதல் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. இத்தனையும் ரசித்து வளர்ந்த ஊருக்கு ராகம் தெரியும், தாளம் தெரியும். ஆனால் 200 ரூபாய் டிக்கெட் வாங்கிப் பழக்கம் உண்டா? உங்கள் மைத்துனரிடமே கேளுங்கள்: கடந்த ஒரு வருடத்தில் எந்தக் கச்சேரிக்கு, எந்த நாடகத்துக்குக் கைக்காசு கொடுத்துப் போனார்?

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். யாராவது உங்களிடம் 2028 மகாமகத்தைக் காட்டிக் கூட்டக் கணக்குப் போட்டால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கூட்டம் குளத்துக்கு வருகிறது. நடுவில் வரும் நாலாயிரத்துச் சொச்சம் நாட்களில் உங்கள் அரங்கக் கதவை யார் திறப்பார்கள் என்பதுதான் கேள்வி.

சாத்தியக்கூறு ஆய்வு என்ற பெயரைக் கேட்டால் கட்ட முடியுமா, முடியாதா என்று பார்ப்பது போலத் தோன்றும். காசிருந்தால் எதையும் கட்டலாம். கட்டி முடித்த மூன்றாம் வருடம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உள்ளே என்ன நடக்கும், அன்றைய கரண்டுக்கும் காவலாளிக்கும் யார் காசு கொடுப்பார்கள்? ஆய்வு பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் கட்டியவர்கள் ஏழைகள் மட்டும் அல்ல. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் 1999 மார்ச்சில் வெகுஜன இசைக்கென்று ஒரு தேசிய மையம் திறந்தார்கள். செலவு ஒன்றரைக் கோடி பவுண்டு, பெரும்பகுதி லாட்டரி நிதி. வருடத்துக்கு 4 லட்சம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது அதில் சின்னப் பங்கு. 2000 ஜூனில் மூடிவிட்டார்கள். திறந்து ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. எஃகு உருளைகள் நான்கை நிறுத்தி வைத்ததுபோல இருக்கும் அந்தக் கட்டடம் பிறகு பல்கலைக்கழக மாணவர் சங்கத்திடம் போனது. கட்டடத்தில் கோளாறு இல்லை, 4 லட்சம் என்ற எண்ணில்தான் கோளாறு. திட்டத்துக்கு நிதி கிடைக்க வேண்டுமானால் எண் பெரிதாக இருக்க வேண்டும். எண் பெரிதானால் கட்டடமும் பெரிதாகும். கட்டடம் பெரிதானால் அதை நடத்த அந்தப் பெரிய எண் உண்மையாகவே வந்தாக வேண்டும். இந்தச் சுழலில் மாட்டாத அரங்கத் திட்டம் அபூர்வம்.

நமக்குப் பக்கத்திலேயே யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். இந்திய அரசின் நன்கொடையில் பொது நூலகத்துக்கு அருகே 11 மாடிக் கோபுரமும் சுமார் 600 இருக்கை கொண்ட அரங்கமும் அருங்காட்சியகமுமாக ஒரு பண்பாட்டு மையம் எழுந்தது. 2023 பிப்ரவரியில் மக்களுக்குக் கையளித்தார்கள்; இப்போது திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது. அழகான கட்டடம். ஆனால் வேலை முடிந்த கையோடு எழுந்த பேச்சு, இதை யார் நடத்துவது, பராமரிப்புச் செலவை மாநகர சபை தாங்குமா என்பதுதான். கட்டடத்துக்குக் கொடை கிடைத்துவிடும் ஐயா. கல்வெட்டில் பெயர் வரும், ரிப்பன் வெட்டலாம். மின்கட்டணத்துக்குக் கல்வெட்டு வைக்க முடியாது, அதனால் அதற்குக் கொடையாளி வருவதில்லை.

என் கதையும் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாவட்டத் தலைநகரில் 800 இருக்கை அரங்கத்துக்கு நான் அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கட்டுவது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். கடன் வாங்கக் காகிதம் தேவைப்பட்டது. நானும் 'வருடத்துக்கு 180 நாள் வாடகை போகும்' என்று எழுதினேன். 180 எங்கிருந்து வந்தது என்று இன்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 365இல் பாதி, நியாயமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இப்போது அங்கே சாய்தளத்தைச் சமப்படுத்திக் கல்யாணம் நடத்துகிறார்கள். மேடையில் மணவறை. அந்த ஊர்ப் பக்கம் போனால் நான் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவேன்.

அதற்குப் பிறகு நான் இருக்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். முதலில் நாட்களை எண்ணுவேன். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும், அதற்கு 9 லட்சம் வேண்டாம்.

ஒரு டைரி வாங்குங்கள். கும்பகோணத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் பரதநாட்டியம், பாட்டு, மிருதங்கம், ஓவியம் சொல்லித்தரும் ஒவ்வொருவரையும், பள்ளி, கல்லூரித் தாளாளர்களையும், பட்டிமன்றம் நடத்துபவர்களையும், இலக்கிய வட்டம், கம்பன் கழகம், சபா என்று எது இருந்தாலும் அதன் செயலாளரையும் நேரில் போய்ப் பாருங்கள். 'இங்கே ஒரு நல்ல அரங்கம் வந்தால் பயன்படுத்துவீர்களா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாரும் 'கண்டிப்பா சார்' என்பார்கள். காப்பி கொடுத்து அனுப்பும் வீட்டில் யாரும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள். போன வருடம் உங்கள் மாணவிகளின் அரங்கேற்றம் எத்தனை? எங்கே செய்தீர்கள்? வாடகை எவ்வளவு? மைக் செட்டுக்குத் தனியாக எவ்வளவு? தேதி கிடைக்காமல் தள்ளிப்போனது உண்டா? எத்தனை பேர் வந்தார்கள், அழைப்பிதழ் எத்தனை அடித்தீர்கள்? கடைசியாக, நான் ஒரு தேதி தந்தால் 1,000 ரூபாய் முன்பணம் தருவீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியில் பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றாத பாதிதான் உங்கள் சந்தை.

அப்புறம் பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்த நாட்களை மாதவாரியாகப் பிரித்துப் பாருங்கள். அரங்கேற்றங்கள் மே மாத விடுமுறையில் குவியும், வெளிநாட்டுப் பிள்ளைகள் வரும் ஆடி, மார்கழியிலும் கொஞ்சம் வரும். பள்ளி ஆண்டு விழாக்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள். ஆக எல்லாரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள், மற்ற நாட்களில் யாருமே கேட்க மாட்டார்கள். இதில் இன்னொரு வில்லங்கம்: ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது என்பதால் ஊரிலுள்ள கல்யாண மண்டபங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும். பாதி வாடகைக்குக் கூடத் தருவார்கள். உங்களுக்குப் போட்டி தஞ்சாவூர் அரங்கமோ சென்னை சபாவோ இல்லை, எதிர்த் தெரு மண்டபம். அங்கே சமையல் கூடம் இருக்கிறது, சாப்பாட்டுப் பந்தி போடலாம். அரங்கேற்றத்துக்கு வரும் அத்தை, மாமா எல்லாருக்கும் சாப்பாடு போட்டுத்தானே அனுப்புவார்கள்? உங்கள் ஆர்க்கிடெக்ட்டின் வரைபடத்தில் பந்திக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கேன்டீன் வேறு, பந்தி வேறு.

இப்படி எண்ணினால், என் அனுபவத்தில், உங்கள் அளவு ஊரில் ஒரு நல்ல அரங்கம் வருடத்தில் 90 நாள் வாடகைக்குப் போனாலே பெரிய விஷயம். தாராளமாகவே 90 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் வங்கியில் இருந்தவர், எண்ணைக் கண்டு பயப்பட மாட்டீர்கள்.

மேலாளர், ஒலி-ஒளி பார்க்கத் தெரிந்த ஒருவர், உதவியாளர், மூன்று ஷிப்ட் காவல், துப்புரவு: சிக்கனமாகப் பார்த்தாலும் வருடம் 19 லட்சம். 600 பேர் உட்காரும் கூடத்துக்கு 60, 70 டன் ஏசி வேண்டும். ஒரு மாலைக்கு அதற்கே 400 யூனிட்டுக்கு மேல் போகும். கூடம் பூட்டிக் கிடந்தாலும் மின்வாரியத்துக்கு நிலைக்கட்டணம் உண்டு. ஆலைக்கு இருந்த தொழிற்சாலைக் கட்டணமும் இனி கிடையாது, வணிகக் கட்டணம்தான். வருடம் 8 லட்சம். 7 கோடிக் கட்டடத்தை ஒழுங்காகப் பராமரிக்க 12 லட்சம் ஒதுக்க வேண்டும். ஆரம்ப வருடங்களில் செலவாகாது, ஏழாம் வருடம் ஏசியும் மேடை விளக்குகளும் சேர்ந்தே கைவிரிக்கும்போது தெரியும். சொத்துவரி, காப்பீடு, தணிக்கை, இதர செலவு 5 லட்சம். மாதம் ஒரு நிகழ்ச்சியை நீங்களே நடத்தினால் அதில் கையைக் கடிப்பது வருடத்துக்கு 5 லட்சம். மொத்தம் 49 லட்சம்.

வரவு? நாளுக்கு 20,000 ரூபாய் வாடகை என்றால் 90 நாளுக்கு 18 லட்சம். கேன்டீன் குத்தகை மாதம் 20,000 என்று வைத்தால் 2.4 லட்சம். ஆக 20.4 லட்சம். துண்டு விழுவது 28.6 லட்சம். இதற்கு மேல் 4 கோடிக் கடனுக்கு 10 சதவீதம் வட்டி 40 லட்சம். வருடம் 68.6 லட்சம், மாதம் ஏறத்தாழ 5.7 லட்சம் உங்கள் ஓய்வூதியத்திலிருந்தா கொடுக்கப் போகிறீர்கள்? அசலைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. வங்கியில் இருந்தபோது இப்படி ஒரு கடன் விண்ணப்பம் உங்கள் மேஜைக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?

இதைப் படித்துவிட்டு நீங்கள் துவண்டுபோக வேண்டாம். கலை அரங்கம் எங்கும் வாடகையில் வாழ்வதில்லை. உலகத்தில் நல்ல அரங்கம் எல்லாவற்றுக்கும் துண்டு விழத்தான் செய்கிறது; அரசோ, கொடையாளியோ, விளம்பரதாரரோ அதை அடைக்கிறார்கள். துண்டே விழாது என்று காட்டும் அறிக்கை யாராவது கொடுத்தால் அவர் உங்களுக்குக் கட்டடம் விற்க வந்தவர். எவ்வளவு துண்டு விழும், அதை யார், எத்தனை வருடத்துக்கு அடைப்பார்கள் என்று பெயரோடு சொல்வதுதான் நேர்மையான ஆய்வு.

அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். உங்களிடம் இருப்பது 3 கோடி. அதில் 2 கோடியைத் தொடாமல் வைப்பில் போட்டால் 7 சதவீதத்தில் வருடம் 14 லட்சம் வரும். இந்த 14 லட்சத் துண்டுக்குள் நடத்தக்கூடிய அரங்கம் எது? மீதி ஒரு கோடிக்குள் கட்டக்கூடியது எது? இந்த இரண்டுக்கும் பொருந்துகிற கட்டடம்தான் உங்கள் கட்டடம்.

நான் மனதில் போட்டுப் பார்த்தது இது. ஆலையின் நெல் கிடங்கை மட்டும் சீர்செய்து 150, 180 பேர் உட்காரும் சமதளக் கூடம். நிலையான நாற்காலி வேண்டாம். நாடகத்துக்கு ஒரு மாதிரி, பாட்டுக்குப் பாய் விரித்து, ஓவியக் காட்சிக்கு வெறுந்தரை. தனி ஓவியக் கூடம் தேவையே இல்லை. நெல் காயவைத்த களம் இருக்கிறதே, சிமெண்ட் தளம், 400 பேருக்குத் திறந்தவெளி அரங்கம் அங்கேயே தயாராகக் கிடக்கிறது. சம்பளம் 9 லட்சம், மின்சாரம் இரண்டரை, பராமரிப்பு இரண்டு, வரி முதலானவை ஒன்றரை, உங்கள் சொந்த நிகழ்ச்சிகளுக்கு நாலு: மொத்தம் 19 லட்சம். கூடத்தை நாளுக்கு 5,000 என்று கொடுத்தால் அரங்கேற்றம் மட்டும் அல்ல, ஒத்திகைக்கும் நூல் வெளியீட்டுக்கும் ஓவிய முகாமுக்கும் வருவார்கள். 110 நாள் என்று வையுங்கள், ஐந்தரை லட்சம். பயிற்சி அறை, டீக்கடை எல்லாமாக இன்னொரு 1.8 லட்சம். துண்டு 11.7 லட்சம். வைப்பு வட்டி அதை அடைத்து, விலைவாசிக்காகக் கொஞ்சம் மிச்சமும் வைக்கிறது. கடன் இல்லை.

சின்னதாக இருக்கிறதே என்று மனசு சுணங்கும், தெரியும். மும்பை ஜுஹுவில் 1978இல் திறந்த பிருத்வி தியேட்டருக்கு 200 இருக்கைதான். ஒரு கோடிக்கு மேல் ஜனம் இருக்கிற ஊரில் இந்தி நாடகத்தை அது தாங்கி நிறுத்தியிருக்கிறது. பெங்களூரு ஜே.பி. நகரில் 2004இல் திறந்த ரங்க சங்கராவில் சுமார் 320 பேர் உட்காரலாம். மறைந்த நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் பல வருடம் அலைந்து நிதி திரட்டிக் கட்டியது. அங்கே திங்கள் தவிர்த்துத் தினமும் நாடகம் என்பது கொள்கை. குழுக்களுக்கு வாடகையைக் குறைவாக வைத்து, துண்டை வெளியே திரட்டுகிறார்கள். தாமதமாக வந்தால் எப்பேர்ப்பட்டவருக்கும் கதவு திறக்காது (நான் ஒருமுறை வெளியே நின்று காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தேன், காப்பி நன்றாகவே இருந்தது). அங்கே முதலில் முடிவானது தினமும் நாடகம் என்பது. இருக்கை எண்ணிக்கை அதற்கு அடங்கி வந்தது.

பெரிதாகக் கட்டியவர்களுக்கு வரும் சங்கடத்துக்கு சிங்கப்பூர் எஸ்பிளனேட் நல்ல உதாரணம். துரியான் பழம் மாதிரி கூரை, 2002இல் 60 கோடி சிங்கப்பூர் டாலரில் திறந்தது. கச்சேரிக் கூடம் சுமார் 1,600, நாடக அரங்கம் சுமார் 1,900, அப்புறம் 200 சொச்சம் பேருக்கான சின்ன அறைகள். அங்குள்ள உள்ளூர்க் குழுக்களுக்கு, நம் தமிழ் நாடகக் குழுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், முதல் இரண்டும் மிகப் பெரிது, கடைசியது மிகச் சிறிது. நடுத்தர அரங்கம் பணப் பற்றாக்குறையில் தள்ளிப்போய், சுமார் 600 இருக்கையோடு 2022இல்தான் வந்தது. இருபது வருடம். அங்கே 600 நடுத்தரம், உங்கள் ஊருக்கு அது எஸ்பிளனேட் ஐயா.

கட்டட விஷயத்துக்கு வருகிறேன். 'பழைய கட்டடம் இருக்கிறது, பாதிச் செலவு மிச்சம்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் 1960களில் கட்டிய பழைய கிடங்கின் தலையில் எல்ப்ஃபில்ஹார்மனி என்ற இசை அரங்கத்தைக் கட்டினார்கள். பழைய அடித்தளம் போதாமல் நூற்றுக்கணக்கில் புதிய தூண்களைத் தரைக்குள் இறக்க வேண்டிவந்தது. நகரத்தின் பங்கு 7.7 கோடி யூரோ என்று ஆரம்பித்து 78.9 கோடியில் முடிந்தது. 2010இல் திறக்க வேண்டியதை 2017 ஜனவரியில் திறந்தார்கள். அது ஏதோ தனிக்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1994 முதல் 2008 வரை எழுந்த பண்பாட்டுக் கட்டடங்களைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். பார்த்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் மதிப்பீட்டைத் தாண்டியிருந்தன. உங்களுக்குச் சொல்லப்பட்ட 7 கோடியும் 7 கோடியில் நிற்காது.

ஆகவே ஆர்க்கிடெக்ட்டுக்கு முன்னால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிப்போய்ச் சுவரையும் கூரைச் சட்டத்தையும் காட்டுங்கள். பாய்லர் பக்கத்துச் சுவரும் நெல் அவித்த தொட்டியை ஒட்டிய தரையும் ஈரத்திலேயே கிடந்தவை, அங்கே கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கூரை தகரமா, ஆஸ்பெஸ்டாஸா, ஓடா என்று நீங்கள் எழுதவில்லை. தகரமானால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேடையில் இருப்பவர் வாய் அசைவதுதான் தெரியும். ஆஸ்பெஸ்டாஸானால் அதைக் கழற்றுவதற்கே பழகிய ஆட்கள் வேண்டும்.

காசில்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூன்று நாள், ஒன்று வெள்ளி, ஒன்று ஞாயிறு, ஒன்று நடுவார நாள், சாயங்காலம் 6 முதல் 9 வரை கிடங்கில் நாற்காலி போட்டு உட்காருங்கள். காதில் விழுவதை எல்லாம் நேரத்தோடு எழுதுங்கள். பஸ் ஹாரன், ரயில், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி, எதிர்வீட்டு சீரியல், தவளை. அப்படியே ஒருமுறை கை தட்டி, அந்தச் சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஒரு விநாடிக்குள் அடங்கிவிட வேண்டும். வெறும் கிடங்கு எப்படியும் கூடுதலாக முழங்கும். அதை அடக்கத் திரையும் மரமும் தேங்காய்நார்ப் பலகையும் போதுமா என்று ஒலியியல் தெரிந்த ஒருவர் ஒருநாள் வந்து பார்த்தால் சொல்லிவிடுவார். வெளிச் சத்தத்தை அடைப்பதுதான் உண்மையான செலவு. உங்கள் நோட்டில் இரவு எட்டு மணிக்கு எட்டுத் தடவை ஹாரன் என்று இருந்தால், வீணைக் கச்சேரியை அன்றோடு மறந்துவிடலாம்.

பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை என்று வரைபடத்தில் எண்ணுங்கள். ஆண்களுக்குச் சமமாக இருந்தால் போதாது, கூடுதலாக வேண்டும். ஒப்பனை அறையிலிருந்து பார்வையாளர் கண்ணில் படாமல் மேடைக்குப் போக வழி வேண்டும். மேளம், தவில், செட் சாமான் இறக்க லாரி பின்பக்கம் வர வேண்டும். பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, நிலப் பயன்பாட்டு மாற்றம் எல்லாம் வழக்கமான வேலை, உள்ளூரில் மண்டபம் கட்டிய யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். இசை, நடன, நாடக டிக்கெட்டுக்குத் தலைக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி இல்லை; ஆனால் கூடத்தை வாடகைக்கு விடுவது வேறு கணக்கில் வரும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தந்தது, உங்கள் கடிதத்தில் 'எங்கள் குடும்பத்துக்கு' என்று எழுதியிருப்பது. ஆலை யார் பெயரில் இருக்கிறது? கூடப் பிறந்தவர்கள் உண்டா? அவர்கள் பிள்ளைகள்? இதைப் பொது அறக்கட்டளையாகப் பதிந்தால் கொடைக்கு வரிச்சலுகை, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எல்லாம் வரும். 2013 கம்பெனிச் சட்டத்தில் கலை, பண்பாடும் அந்த நிதிக்கான இனங்களில் ஒன்று. ஆனால் அறக்கட்டளைக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், பின்னால் மனை விலை ஏறிவிட்டது என்று திரும்பக் கேட்க முடியாது. கொடுக்க மனமில்லாவிட்டால் 15 வருடக் குத்தகைக்கு அறக்கட்டளையிடம் விடுங்கள். எப்படியானாலும் எல்லார் கையெழுத்தும் விழாத வரை ஒரு செங்கல் வாங்காதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிக் கிடக்கும் அரங்கம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன், நாற்காலி உறை கூடப் பிரிக்கவில்லை.

9 லட்சம் தண்டமா என்று கேட்டீர்கள். 7 கோடிக்கு அது ஒன்றேகால் சதவீதம் சொச்சம், தொகை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஆர்க்கிடெக்ட் கைகாட்டிய நிறுவனம் அது. கட்டடம் எழும்பினால் வரைபடக் கூலி பெறப் போகிறவர் சிபாரிசு செய்யும் ஆள், 'கட்ட வேண்டாம்' என்று எழுதிக் கொடுப்பாரா? அந்த நிறுவனத்தாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதுவரை எத்தனை திட்டத்தை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள்? ஒன்றுகூட இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பொறியாளர், ஒலியியல் நிபுணர், ஆடிட்டர் மூவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள் முடியும். மீதி ஏழரை லட்சத்தில்தான் உங்கள் உண்மையான ஆய்வு இருக்கிறது.

அது இப்படி. கட்டடத்தில் கைவைக்காமல், களத்தைக் கழுவி, தற்காலிக மேடையும் வாடகை விளக்கும் போட்டு, தை முதல் ஆவணி வரை மாதம் ஒன்றுக்குக் குறையாமல் பத்து நிகழ்ச்சி நடத்துங்கள். கொச்சியில் 2012 டிசம்பரில் முதல் பியனாலே (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சி) ஆரம்பித்தபோது ஃபோர்ட் கொச்சியின் பழைய சரக்குக் கிடங்குகளையும் வணிக வளாகங்களையும்தான் கூடங்களாக்கினார்கள். சுவரில் காரை உதிர்ந்திருந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஒன்று தெருக்கூத்து, ஒன்று நவீன நாடகம், ஒன்று சிறுவர்களுக்கு, ஒன்று உள்ளூர் நடன ஆசிரியர் நான்கு பேருக்குக் கூட்டாக. ஆறு நிகழ்ச்சிக்குக் கட்டாயம் டிக்கெட் வையுங்கள், 100 ரூபாயானாலும் சரி. வாசலில் ஒருவரை உட்கார வைத்து, வருகிறவர் எந்தத் தெரு, எந்த ஊர், எப்படித் தெரிந்தது, எதில் வந்தார் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஓசி டிக்கெட் எத்தனை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள், உங்கள் மைத்துனரின் பெயர் உள்பட. கொசுவுக்கு என்ன செய்தீர்கள், கழிப்பறைக்கு எங்கே போனார்கள், எட்டரைக்கு மேல் கடைசி பஸ்ஸுக்காக எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஐந்தாவது நிகழ்ச்சிக்குள் யாராவது தாமாக வந்து 'சார், ஜூன்ல ஒருநாள் எங்களுக்கு இடம் தருவீங்களா?' என்று கேட்டால் அந்தத் தேதியை டைரியில் தடித்த எழுத்தில் குறியுங்கள். பத்து முடிவதற்குள் அப்படி ஒருவர்கூடக் கேட்கவில்லையென்றால் ஆலையை வேறு எதற்காவது விட்டுவிட்டு, அப்பா பெயரில் வருடத்துக்கு ஒரு மூன்று நாள் விழாவைக் கோயில் மண்டபத்திலோ பள்ளி மைதானத்திலோ நடத்துங்கள். 2 கோடி வைப்பின் வட்டியில் கும்பகோணம் இதுவரை பார்க்காத விழா நடத்தலாம். அதுவும் அப்பா பெயர்தானே?

புகைபோக்கி: பொறியாளர் ஆபத்து என்று சொன்னாலொழிய இடிக்காதீர்கள். முன்பின் தெரியாத ஊரிலிருந்து வருகிறவருக்கு ஆட்டோக்காரர் வழி சொல்வது அதை வைத்துத்தான். 180 பேருக்கு முப்பது காருக்கு மேல் வராது, அதற்குக் களத்தின் ஓரமே போதும். மற்றதெல்லாம் டூவீலர்தான். இடி தாங்கி மட்டும் இன்னும் வேலை செய்கிறதா என்று இந்த மழைக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். ஆவணி நிகழ்ச்சி முடிந்ததும் வாசல் கணக்கு நோட்டை எனக்கு அனுப்புங்கள், கட்டணம் வேண்டாம்.